கடைசிப் பஸ் ஏன் காத்து நின்றது?

போன சனிக்கிழமை இரவு மகள் சூரிச்சில் இருந்து தனிய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ரயிலில் வந்து, இடையில் இறங்கி, இரவுப் பஸ் பிடித்து, வீட்டு முடக்கு வரைக்கும் வந்துவிட்டாள். நான் வழக்கம்போல முழிச்சிருந்து, "ரயில் பிந்தினதாம், பஸ் நிண்டதோ?" என்று கேட்டேன். "அது நிக்கும்தானே அப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அது நிக்கும்தானே! இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருசம், எத்தனை பேர் மண்டையைப் போட்டு உடைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே கனகாலம் தெரியாமல்தான் இருந்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் சுவிசுக்கு வந்தது 1991இல். அகதி மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்கட பெடியளுக்கு அப்ப கிடைத்த வேலை பெரும்பாலும் உணவகங்களின் பின்பக்கம்தான். கோப்பை கழுவுறது, உருளைக்கிழங்கு சீவுறது, நிலம் துடைக்கிறது. எனக்கும் சூரிச்சில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. இருந்ததோ வின்ரத்தூருக்கு அங்கால ஒரு கிராமத்தில். இரவு பதினொன்று பத்துக்குக் கையைத் துடைத்துவிட்டு வெளியில் ஓடினால் ட்ராம், பிறகு ரயில், பிறகு வின்ரத்தூரில் கடைசிப் பஸ். மூன்றில் எது தவறினாலும் மிச்சம் எட்டு ஒன்பது கிலோமீற்றர் நடை. கையில் இருக்கிற காசுக்கு ரக்சியை நினைத்துக்கூடப் பார்க்க ஏலாது.

அந்த முதல் மாரியில் ஒருநாள் ரயில் ஆறு நிமிடம் பிந்திவிட்டது. வெளியில் பனி கொட்டுது. பெட்டிக்குள் இருந்தபடியே நடக்கிறதுக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தேன். வின்ரத்தூரில் இறங்கி ஓடிவந்தால், லைற் எல்லாம் போட்டபடி பஸ் நிற்குது! சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரயில் பக்கமே பார்த்தபடி இருக்கிறார். நாங்கள் மூன்று பேர் ஏறினோம். நிலையப் படிக்கட்டை இன்னொருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தார். அவ்வளவுதான். ஒரு கதையும் இல்லை.

அறையில் இருந்த அண்ணையிடம் போய், "அண்ணை, சரியான நல்ல மனிசன், எங்களுக்காக நிண்டவர்" என்று சொன்னேன். அண்ணை சிரித்துவிட்டு, "அந்தாள் உனக்காக நிக்கேல்லையடா, மணிக்கூட்டுக்காக நிண்டது" என்றார். அப்ப எனக்கு அது விளங்கவில்லை. டொச்சு ஓரளவு பிடிபட்ட பிறகு நூலகத்தில் கிடைத்ததுகளை வாசிக்கத் தொடங்கினபோதுதான் அண்ணை சொன்னதில் பாதி சரி என்று தெரிந்தது. (மற்றப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.)

1960களில் சுவிஸ் ரயில்களும் மற்ற நாட்டு ரயில்கள் மாதிரித்தான் ஓடின. காலையில் நாலு ரயில், மத்தியானம் ஒன்று, பின்னேரம் நாலு. ஒன்று 8.13க்கு, அடுத்தது 9.41க்கு, அதற்கடுத்தது 11.06க்கு என்கிற மாதிரி. எங்க சனம் கூடப் போகுமோ அங்க வேகமான வண்டி. ரயில் மாறிப் போகிறவனுடைய பாடு அவனவன் அதிர்ஷ்டம். இந்த நேரத்தில்தான் கார்கள் வந்து குவிந்தன. ஜெனீவா - லௌசான் நெடுஞ்சாலை 1964இல் திறந்தது. காருக்கு அட்டவணை கிடையாது, நினைத்த நேரம் வெளிக்கிடலாம். ரயில் தோற்கத் தொடங்கியது.

சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேக்குள்ளேயே சில இளம் ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் ஸ்டேலி என்கிற பொறியியலாளர், ஹான்ஸ் மைனர், ஜோன் பியர் பெர்த்துசோ. இவர்களும் இன்னும் சிலரும் வேலைக்கு வெளியில் கூடிக் கதைத்த கூட்டத்துக்குப் பெயர் 'ஷ்பின்னர் குளுப்'. எங்கட பாசையில் சொன்னால் விசரர் சங்கம்! மேலதிகாரிகள் கேட்டால் விசர் என்றுதான் சொல்லப்போகிறார்கள், அதை நாங்களே முதலில் சொல்லிவிடுவம் என்று வைத்த பெயர் போலக் கிடக்கு. 1972இல் இவர்களுடைய அறிக்கை வந்தது. சாரம் இதுதான்: நாடு முழுக்க, எல்லாப் பாதையிலும், காலை தொடக்கம் இரவு வரைக்கும், ஒவ்வொரு மணித்தியாலமும் அதே நிமிடத்தில் ரயில் ஓடவேண்டும்.

ஒரே இடைவெளியில் ரயில் விடுகிற யோசனை புதிதில்லை. ஒல்லாந்துக்காரர் 1930களிலேயே தொடங்கி, 1970 மே மாதத்தில் பெரிய அளவில் விரித்திருந்தார்கள். சுவிஸ் விசரர் செய்த கெட்டித்தனம், அதை இணைப்புகளோடு சேர்த்துப் பின்னினதுதான். இணைப்பை இங்கே 'அன்ஸ்லுஸ்' என்பார்கள். இந்த நாட்டில் காலம் தள்ளவேண்டும் என்றால் பாணுக்கும் பாலுக்கும் அடுத்ததாகப் படிக்கவேண்டிய சொல் அது.

இதுக்குள்ள இருக்கிற கணக்கு வடிவான கணக்கு. ஒரு பாதையில் மணிக்கொரு ரயில் போகுது, எதிரே மணிக்கொரு ரயில் வருது. அப்படியென்றால் நீங்கள் இருக்கிற ரயில் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு எதிர் ரயிலைச் சந்தித்தே ஆகவேண்டும். பேப்பரில் கீறிப் பாருங்கோ, தப்பவே ஏலாது. இந்தச் சந்திப்புகளை வயல்வெளியில் நடக்க விடாமல் பெரிய நிலையத்தில் நடக்கும்படி செய்துவிட்டால்? நாலு பக்கத்து ரயிலும் மணி அடிக்கச் சில நிமிடம் முதல் வந்து நிற்கும், சனம் இறங்கி மாறும், மணி அடித்துச் சில நிமிடத்தில் எல்லாம் புறப்படும். ரயில்கள் வந்திறங்குகிற நேரம் பார்த்துக் கிராமத்துப் பஸ்களும் வெளியில் நிற்கும். இப்படியான நிலையத்துக்கு 'முடிச்சு' என்று பெயர். முழு முறைக்கும் பெயர் 'டக்ட்'. டக்ட் என்றால் தாளம்.

தாளம் என்கிற சொல்லைப் பார்த்த உடனே எனக்கு நினைவு வந்தது ஊர்க் கோயில் திருவிழாவில் கேட்ட தவில்தான். இரண்டு தவில்காரர் ஆளாளுக்கு வேற வேற கணக்கில் பிரிந்துபோய், இனி எங்க சேரப்போகினம் என்று நாங்கள் பதறுகிற நேரம், ஒரே அடியில் வந்து விழுவார்கள். சூரிச் நிலையத்தில் முழு மணிக்கு நடப்பதும் அதுதான். ஆவர்த்தனம் ஒன்றுக்கு அறுபது நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிக்கை வந்து பத்து வருசம் போன பிறகு, 1982 மே 23ஆம் திகதி அந்த அட்டவணை நாடு முழுக்க அமுலுக்கு வந்தது. மணிக்கொரு ரயில் என்பதுதான் விளம்பரம். அந்த நேரத்தில் எங்கட ஆட்கள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். 1983க்குப் பிறகு வந்து இறங்கின ஆயிரக்கணக்கான தமிழர் இந்தத் தாளத்துக்குள்தான் வந்து இறங்கினார்கள், அது புதுசு என்று தெரியாமலே.

அடுத்த படி இன்னும் பெரியது. 1987 டிசம்பர் 6ஆம் திகதி சனத்திடம் வாக்குக் கேட்டார்கள், 'ரயில் 2000' என்கிற திட்டத்துக்கு. 57 வீதம் ஆம் என்றது. இதில் எனக்குப் பிடித்த விசயம், வேகத்தைப் பற்றின அவர்களுடைய பார்வை. பிரான்சில் அப்ப மின்னல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சுவிஸ்காரர், எங்களுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை, தேவையான அளவு வேகம் போதும் என்றார்கள். தேவையான அளவு என்றால் என்ன? பேர்ணில் இருந்து சூரிச்சுக்கு அப்ப 69 நிமிடம். பேர்ணில் முழு மணிக்கு முடிச்சு, சூரிச்சிலும் முழு மணிக்கு முடிச்சு. 69 நிமிடம் ஓடினால் சூரிச் முடிச்சு அவிழ்ந்து மற்ற ரயில்கள் எல்லாம் போயிருக்கும். அதை ஒரு மணிக்குள் கொண்டுவந்தால் போதும். நாப்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் மிச்ச நேரத்துக்கு மேடையில் நின்று விறைக்கவேண்டியதுதான். ஆகவே ஒல்ரன் பக்கமாக 45 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டும் மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடக்கூடிய புதுப் பாதை போட்டு, பயணத்தை 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் அட்டவணையை எழுதிவிட்டு, அதுக்கு ஏற்ற மாதிரிப் பாதை கட்டினது! முதற்கட்டம் முழுக்கவும் கிட்டத்தட்ட 6 பில்லியன் பிராங் முடிந்தது. 2004 டிசம்பர் 12ஆம் திகதி, ஒரே இரவில், நாட்டில் ஓடுகிற ரயில்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பதுக்கு நேரம் மாறியது. முதல்நாள் நான் அரை மணி முந்தியே வெளிக்கிட்டுப் போய் நின்றேன். ஒன்றும் குழம்பவில்லை. சுவிஸ்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

சூரிச் நகரத்தின் கதை இதோடு பக்கத்தில் ஓடுகிறது. மற்றப் பெரிய நகரங்கள் மாதிரி நிலத்தடி ரயில் போடலாமா என்று 1962இலும் 1973இலும் கேட்டதற்குச் சூரிச் சனம் இரண்டு தரமும் இல்லை என்று வாக்குப் போட்டது. பிறகு 1981 நவம்பரில், இருக்கிற ரயில் பாதைகளை நகரத்துக்கு அடியால் ஒரு சுரங்கம் போட்டு இணைக்கிற எஸ் பான் திட்டத்துக்கு ஆம் என்றது. 1990 மே 27ஆம் திகதி அது ஓடத் தொடங்கியது. அதே நாளில்தான் மாநிலம் முழுக்க ரயில், ட்ராம், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றுக்கும் ஒரே ரிக்கெற் முறையும் வந்தது. நான் வந்து இறங்கினது அதற்கு அடுத்த வருசம். ட்ராமுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று மூன்று ரிக்கெற் எடுக்கவேண்டி இருந்திருந்தால் கோப்பை கழுவின சம்பளத்தில் பாதி அதுக்கே போயிருக்கும்.

இனி இரவுக்கு வருவம். பகலில் சூரிச் ட்ராம் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒன்றை விட்டால் அடுத்தது, கவலை இல்லை. அந்த நேரத்தில் எது எதோடு சந்திக்குது என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு இடைவெளி கூடக்கூடத்தான் அட்டவணையின் உண்மையான முகம் தெரியும். அரை மணிக்கு ஒன்று ஓடுகிற ரயிலில் இருந்து, மணிக்கு ஒன்று ஓடுகிற பஸ்ஸுக்கு மாறும்போது ஒரு நிமிடம் பிந்தினால் கூலி ஒரு மணித்தியாலம். கடைசி வண்டி என்றால் கூலி விடியும்வரை.

ஒரு வண்டியைக் காத்து நிற்க வைக்கிறதும் சும்மா காரியம் இல்லை. பகலில் பிந்தி வருகிற ரயிலுக்காக இன்னொன்றை நாலு நிமிடம் நிறுத்தினால், அது அடுத்த முடிச்சுக்குப் பிந்தும், அங்கே காத்திருக்கிற இன்னும் முப்பது பேருடைய இணைப்புப் போகும். நெருக்கமான தாளத்தில் ஒரு அடி பிசகினால் நாடு முழுக்கப் பிசகும். ஆகவே பகலில், ஓடிவருகிற உங்கள் முகத்துக்கு முன்னாலேயே கதவை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். மனச்சாட்சி இல்லாதவன்கள் என்று நானும் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். ஆனால் கடைசி ஓட்டத்துக்கு அந்தக் கணக்குத் தலைகீழாக மாறிவிடும். அதற்குப் பிறகு கெடுவதற்கு முடிச்சே இல்லை. அதோடு, ரயில் பிந்தினதால் ஒருவர் கடைசி இணைப்பைத் தவறவிட்டால், அவரைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, தங்க இடம் கொடுக்கிறதோ ரயில்வேயின் பொறுப்பு. மூன்று பேருக்கு ரக்சி பிடித்துக் கொடுப்பதிலும் பார்க்க ஒரு பஸ்ஸை ஆறு நிமிடம் நிறுத்திவைப்பது மலிவு. அண்ணை சொன்ன 'மணிக்கூட்டுக்காக நிண்டது' இதுதான்.

மணிக்கூடு என்றதும் ஒன்று சொல்லவேணும். சுவிஸ் ரயில் நிலையங்களில் இருக்கிற, சிவப்பு வினாடி முள் வைத்த மணிக்கூட்டை வடிவாகப் பார்த்திருக்கிறீர்களா? ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்பவர் 1944இல் வடிவமைத்தது, சிவப்பு முள் 1953இல் வந்தது. அந்த முள் ஒரு சுற்றை அறுபது வினாடிக்குக் கொஞ்சம் முந்தியே முடித்துவிட்டு, பன்னிரண்டில் ஒன்றரை வினாடி அசையாமல் நிற்கும். தலைமை மணிக்கூட்டில் இருந்து சைகை வந்த பிறகுதான் அடுத்த நிமிடத்தைத் தொடங்கும். காத்து நிற்கிற பழக்கம் மணிக்கூட்டுக்கே இருக்கிற நாடு இது.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டு போக நான் ஆள் இல்லை. இந்தத் தாளம் நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு நின்றுவிடும். சூரிச்சில் 2002 டிசம்பரில்தான் இரவு முழுக்க ஓடுகிற வலையமைப்பு வந்தது. இரவு ரயில்கள், அவை போய்ச் சேருகிற நிலையங்களில் காத்திருக்கிற இரவுப் பஸ்கள் என்று அதே இணைப்புக் கணக்கு. ஆனால் வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும், அதுவும் ரிக்கெற்றுக்கு மேல் 5 பிராங் கட்டணத்தோடு. (பிறகு 2020களின் தொடக்கத்தில் அந்த மேலதிகக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.) கூத்தடித்துவிட்டுக் காரில் ஏறாமல் பிள்ளைகள் பத்திரமாக வீட்டுக்கு வரட்டும் என்கிற எண்ணம், நல்ல எண்ணம்தான். என்ர மகளும் அதில்தான் வருகிறாள். செவ்வாய்க்கிழமை இரவு அந்தப் பிள்ளைகள் குடித்த கிளாஸைக் கழுவி அடுக்கிவிட்டு வெளியில் வருகிறவனை யார் நினைத்தது? 1993இல் ஒரு செவ்வாய், வெளிக்கிடுகிற நேரத்தில் பொரிக்கிற எண்ணெய்ச் சட்டியையும் கழுவிவிட்டுப் போ என்று முதலாளி சொன்னார். பதினைந்து நிமிட வேலை. வின்ரத்தூரில் இறங்கும்போது பஸ் போய்விட்டது. அன்றைக்கு ரயில் பிந்தவில்லை, நான்தான் ஒரு ரயில் பிந்தி வந்தேன். அதனால் யாரும் எனக்காக நிற்கவேண்டிய நியாயமும் இல்லை. சப்பாத்துக்குள் தண்ணி ஊறி, இரண்டு மணிக்கு வீடு. அடுத்தநாள் பத்து மணிக்குத் திரும்ப வேலை.

இதே கணக்கை வேறு ஊர்களும் தங்கள் தங்கள் மாதிரிக்குச் செய்திருக்கின்றன. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இரவுப் பஸ்கள் எல்லாம் தலைமை ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடி 1.11, 2.22, 3.33 என்ற நேரங்களில் ஒன்றாகப் புறப்படுகிறதுக்குப் பேர்போனவை. வெறியில் இருக்கிறவனுக்கும் மறக்காத நேரம்! யோசித்தவன் கெட்டிக்காரன்.

முழுத் தாளமும் ஒரேயடியாக அறுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். 2005 ஜூன் 22, பின்னேரம் ஆறு மணி அளவில் ரயில்வேயின் மின்சாரம் நாடு முழுக்க நின்றுபோனது. சுமார் 1500 ரயில்கள், 2 லட்சம் பயணிகள் நின்ற இடத்தில் நின்றார்கள். நல்ல வெக்கையான நாள். நான் ரயிலுக்குள், யன்னல் திறக்க ஏலாத பெட்டியில். மூன்று நாலு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வண்டிகள் அசையத் தொடங்கின. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான சுவிஸ் மனிசிக்கு ரயில் நின்றது பெரிய கவலையாகத் தெரியவில்லை. "அப்ப என்ர பஸ்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தா.

அந்த முதல் மாரியில் எங்களுக்காக நின்ற சாரதியை 2009 கோடையில் திரும்பக் கண்டேன். நான் ஊரில் ஒரு சின்னத் தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்து வெண்டியும் மிளகாயும் போட்டிருந்தேன். மூன்று துண்டு தள்ளி அவர், பென்சன் எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டேன். பனி கொட்டின அந்த இரவைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. எத்தனை இரவு, எத்தனை பனி! வாசித்து வைத்திருந்த அன்ஸ்லுஸ் கணக்கு, கடைசி ஓட்டம், ரக்சிச் செலவு எல்லாவற்றையும் என்ர டொச்சில் எடுத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "சரிதான், ஆனால் என்ர தாளில் நாலு நிமிடம் நிக்கச் சொல்லித்தான் இருந்தது" என்றார்.

"ஆனா நீங்கள் ஆறு நிமிடம் நிண்டனீங்கள்."

"ரயில்ர வெளிச்சம் தெரிஞ்சிருக்கும். வெளிச்சம் தெரியேக்க எப்பிடிப் போறது?"

உங்களுக்கு வீட்டை போகப் பிந்தியிருக்குமே என்று கேட்டேன். பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவாராம், பனியோ மழையோ ஐந்து கிலோமீற்றர். கடைசிப் பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கு அதற்குப் பிறகு ஏது பஸ் என்று சிரித்துவிட்டு, என்ர வெண்டிக்காயை எப்படிச் சமைக்கிறது என்று கேட்டார்.